நூலைச் சுமந்து போனவர்

மடத்தில் காலை வாசிப்பை ஆவுடையப்பரிடம் ஒப்படைத்த முதல் நாள், அவர் நூலைப் பிரித்து முதல் வரியை வாசித்ததுமே, கேட்க உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

அவருடைய குரல் அப்படி. ஜமீன் கச்சேரியில் வழக்கு விசாரித்துத் தீர்ப்புச் சொல்லியே பாதி ஆயுளைக் கழித்தவர். இறைவனின் கருணையைப் பற்றிய வரியை வாசித்தாலும், அடுத்து கடுங்காவல் எத்தனை மாதம் என்று வரப்போகிறது போலவே கேட்பவருக்குத் தோன்றும்.

குரு செண்பகத்தம்மா மட்டும் உட்கார்ந்தபடியே இருந்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது.

குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபதுக்கு மேல். ஊரில் சிலருக்கு இது உறுத்தியது. ஆவுடையப்பருக்கு உறுத்தவில்லை. மனைவி இறந்த பிறகு அவர் பல மடங்களுக்குப் போய்ப் பார்த்தவர். எல்லா இடத்திலும் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார்கள். செண்பகத்தம்மா ஒருவர்தான் அவர் முகத்தைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அன்றைக்கே துணி மூட்டையை அங்கே இறக்கி வைத்துவிட்டார்.

வாசிப்பு முடிந்ததும் அவர் குருவிடம் வந்தார்.

"ஏன் அம்மா எல்லாரும் எந்திரிச்சாங்க?"

"தண்டனை என்னன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போகத்தான்."

ஆவுடையப்பர் சிரிக்கவில்லை. அவர் சிரித்து மடத்தில் யாரும் பார்த்ததில்லை.

"எனக்கு ஒண்ணு கேக்கணும்" என்றார்.

"கேளுங்க பெரியவரே."

"இந்த நூல்ல பக்கத்துக்குப் பக்கம் ஆனந்தம்னு இருக்கு. விடுதலைன்னு இருக்கு. நான் ஒரு எழுத்து விடாம வாசிச்சுட்டேன். பாதிக்கு மேல மனப்பாடம். எனக்கு ஒரு ஆனந்தமும் வரலை. எந்த இடத்தில தப்பா வாசிச்சேன்?"

"வாசிக்கும்போது எதைத் தேடுவீங்க?"

"செய்யலாம்னு சொல்லியிருக்கது எது, கூடாதுன்னு சொல்லியிருக்கது எது. அதில நான் செஞ்ச தப்பு எது."

"அகப்பட்டுதா?"

"நிறைய."

"அப்போ தப்பா வாசிக்கலையே" என்றார் குரு. "தேடினது கிடைச்சிருக்கே."

ஆவுடையப்பர் அதை யோசித்தபடி நூலைச் செம்பட்டுத் துணியில் சுற்றி, முடிச்சுப் போட்டார். அந்த முடிச்சை அவரைத் தவிர வேறு யாராலும் அவிழ்க்க முடியாது.

அந்த நூல் மடத்தை உண்டாக்கிய முதல் குரு சொன்னது. சின்னச் சின்ன வரிகள். சமையல் பார்ப்பவர்கள்கூட வேலைக்கு நடுவே வந்து இரண்டு வரி பார்த்துவிட்டுப் போவார்கள். ஆவுடையப்பர் வந்த பிறகு அது குறைந்தது. அவர் கை கால் கழுவி, நெற்றிக்கு இட்டுக்கொண்டுதான் நூலைத் தொடுவார். மற்றவர்கள் தொட வந்தால் அவர்கள் கையைப் பார்ப்பார்.

ஒரு நாள் அவர் ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு குருவிடம் வந்தார்.

"'கட்டு அவிழ்ந்தவன் துள்ளுவான்.' இது விதியா அம்மா?"

"விதின்னா?"

"துள்ளணும்னு உத்தரவா? உத்தரவுன்னா எப்போ, எந்தத் திசையைப் பாத்துத் துள்ளணும்னு சொல்லியிருக்கணும். சொல்லலை. பின்னால வந்தவங்க யாரும் உரையும் எழுதலை."

குரு எழுந்தார். "வாங்க, உரை மாட்டுக்கொட்டில்ல இருக்கு."

கொட்டிலில் ஒரு கன்றுக்குட்டி முளையில் கட்டிக் கிடந்தது. எதிர்க் கோடியில் அதன் தாய்.

"அவுத்து விடுங்க."

ஆவுடையப்பர் நூலைப் பத்திரமாகச் சுவர் மாடத்தில் வைத்துவிட்டுக் குனிந்து கயிற்றை அவிழ்த்தார். கன்று ஒரு கணம் நின்றது. பிறகு நாலு காலும் ஒரே சமயத்தில் தரையை விட்டுக் கிளம்ப, பக்கவாட்டில் ஒரு துள்ளு, எதிர்ப்பக்கம் ஒரு துள்ளு. மூன்றாவது துள்ளில் ஆவுடையப்பர் சாணியில் உட்கார்ந்திருந்தார். கன்று தாயின் மடியில் முட்டிக்கொண்டிருந்தது.

"யாரு உத்தரவு போட்டா பெரியவரே?"

அவர் வேட்டியைப் பார்த்தார். "யாரும் போடலை."

"அவ்வளவுதான்."

அவர் தலையை ஆட்டினார். புரிந்துவிட்டது என்று குரு நினைத்தார்.

மறுநாள் காலையில் மடத்துக்குப் பின்னால் பூப்பறிக்கப் போன பெண்கள் ஓடிவந்து குருவைக் கூப்பிட்டார்கள். அரளிச் செடிகளுக்கு அந்தப் பக்கம், ஆவுடையப்பர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முகத்தை வெகு கடுமையாக வைத்துக்கொண்டு, துள்ளிக்கொண்டிருந்தார். கிழக்கே பார்த்துச் சில தடவை. வடக்கே பார்த்துச் சில தடவை.

மத்தியானம் நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது.

"துள்ளிப் பாத்தேன் அம்மா. ஒண்ணும் நடக்கலை."

"இனி நீங்களும் ஒரு வாரத்துக்கு நடக்க முடியாது" என்றார் குரு. நொச்சித் தழையை வதக்கிக் கொண்டுவரச் சொல்லி, தானே ஒத்தடம் கொடுத்தார்.

ஒத்தடம் கொடுக்கும்போது கேட்டார். "உங்களை எங்க கட்டிப் போட்டிருக்கு பெரியவரே?"

ஆவுடையப்பர் நூலில் அதற்கு எந்தப் பக்கத்தில் பதில் இருக்கும் என்று யோசித்தார்.

கால் வீக்கம் வடிந்த நேரத்தில்தான் வளையல்காரர் வந்தார். ஊர் ஊராகப் போகிறவர். மடத்தில் வளையல் போடுகிறவர்கள் அதிகம் இல்லை என்றாலும், மோர் குடிக்க அங்கே ஒதுங்குவார்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் பொட்டல்ல தோல்பாவைக் கூத்து போட்டிருக்காங்க" என்று குருவிடம் சொன்னார். "கூத்துக்காரர் துக்கோஜி ராவ் இருக்காருல்லா, அவர் சம்சாரம் பூரணம் சொல்லி விட்டா. கலியாணமாகிப் பல வருசம் கழிச்சுப் பிள்ளை பிறந்திருக்கு. பொட்டப்பிள்ளை. உக்காரத் தொடங்கிட்டு. வெள்ளிக்கிழமை பேரு வச்சு முதல் சோறு ஊட்டுதாங்க. மடத்து நூலை அங்க வந்து வாசிக்கணும்னு கேட்டா."

ஆவுடையப்பர் தூண் ஓரம் உட்கார்ந்திருந்தார். அவர் கையில் இருந்த மோர்க் குவளை அசையவில்லை.

வளையல்காரர் அவரைப் பார்க்காமலே மேலே சொன்னார். "அப்பா அங்கதான் இருக்காகன்னு அவளுக்குத் தெரியும். அப்பாவைக் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லலை. வரமாட்டாக, நூலாவது வரட்டும்னு சொன்னா."

வளையல்காரர் போனதும் ஆவுடையப்பரே வாயைத் திறந்தார்.

"என் மக."

"ம்."

"ஒரே மக. ஊருக்குக் கூத்து போட வந்தவனோட போயிட்டா. ஊரெல்லாம் சிரிச்சுது. கச்சேரியில நான் தீர்ப்புச் சொன்னா எதிர்ல நிக்கவன் உதட்டோரம் சிரிப்பு. கோயில் வாசல்ல வச்சு, சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டேன். அவ வாசப்படியை என் காலு மிதிக்காதுன்னு."

"அவுக அம்மா?"

"உலகம்மை போகலை. நான் போகாதேன்னு ஒருநாளும் சொன்னதில்லை. 'நீங்க பண்ணின சத்தியம் என் காலையும் சேத்துக் கட்டிருச்சே'ன்னு ஒரே ஒரு தடவை சொன்னா. அப்புறம் சொல்லலை. அவ கண்ணை மூடினப்போ மக வந்தா. வாசல்ல நின்னு அழுதா. நான் சுவரைப் பாத்து நின்னுக்கிட்டேன்."

குரு அவர் கையில் இருந்த குவளையை வாங்கிக் கீழே வைத்தார்.

"வெள்ளிக்கிழமை நான் போறேன். வாரீங்களா?"

"நூல் தடுக்கே அம்மா! 'சொன்ன சொல்லில் நில்.' ரெண்டாம் பகுதி, முதல் வரி. அதுக்கு விலக்கே இல்லை. தேடிட்டேன்."

"எப்போ தேடினீங்க?"

"பல வருசமா."

மறுநாளும் தேடினார். அதற்கு அடுத்த நாளும். வியாழக்கிழமை மாலை குருவிடம் வந்தபோது முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"காலு மிதிக்காதுன்னுதான் சொல்லியிருக்கேன். நான் உள்ள போகமாட்டேன்னு சொல்லலை."

"அப்படின்னா?"

"யாராவது தூக்கிட்டுப் போனா சத்தியம் தப்பாது."

குரு அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். ஆவுடையப்பர் நல்ல ஆகிருதி. மடத்துக் கல்தூணுக்கும் அவருக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

"யாரு பெரியவரே தூக்குதது?" என்று கேட்டார் குரு. அதற்கு மேல் அவரால் முடியவில்லை. சிரித்தார். கண்ணில் தண்ணீர் வர, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சமையல் கட்டிலிருந்து எட்டிப் பார்த்தவர்களும் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள்.

ஆவுடையப்பருக்கு முகம் சிவந்தது. "நான் பொட்டல் ஓரம் வரை வாரேன்" என்றார். "நூலைச் சுமக்க ஒரு ஆள் வேணும்ல. ஓரமா நின்னுக்கிடுதேன்."

"சரி."

ஆனி மாதம். மலைப்பக்கம் சாரல் தொடங்கி, ஊர்ப்பக்கம் காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது. ஆவுடையப்பர் நூலைத் தலையில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தார். குரு பக்கத்தில் வெறுங்கையோடு நடந்தார். வழியில் கண்டவர்களிடமெல்லாம் நின்று பேசினார். ஒருத்தி கொடுத்த நாவல் பழத்தைத் தின்று நாக்கை நீட்டி நிறம் பார்த்துக்கொண்டார்.

ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. நடு ஆற்றில் குரு நின்றுவிட்டார்.

"தண்ணி சில்லுன்னு இருக்கா பெரியவரே?"

"கவனிக்கலை அம்மா. நூல் நனைஞ்சுரக் கூடாதேன்னு..."

"காலு ரெண்டும் தண்ணிக்குள்ளதானே இருக்கு?"

ஆவுடையப்பர் நின்றார்.

"முதல் குரு இந்த ஆத்துல நின்னுக்கிட்டுத்தான் அந்த வரியெல்லாம் சொன்னாராம்" என்றார் குரு. "கரையில உக்காந்து ஒருத்தர் எழுதினாராம். சொன்னவர் குளிச்சுக்கிட்டே சொன்னார்."

ஆவுடையப்பர் முதல் தடவையாகக் குனிந்து தண்ணீரைப் பார்த்தார். குனிய முடிந்த அளவுக்குத்தான். தலையில் நூல் இருந்தது.

"சில்லுன்னுதான் இருக்கு" என்றார் மெதுவாக.

பொட்டல் வந்தது. தூரத்தில் பேச்சுச் சத்தமும் சிரிப்புச் சத்தமும் கேட்டன. ஓரத்தில் ஒரு புங்கமரம். ஆவுடையப்பர் அதனடியில் நின்று, மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒரு தரம் பாக்கக் கூடாதா?"

"பாத்தா காலு தானா அங்க போயிரும் அம்மா."

"நூலைக் குடுங்க, நான் கொண்டு போறேன்."

"வாசிக்க நேரம் வரட்டும். கண்ட இடத்தில வைப்பாங்க. நானே வச்சிருக்கேன்."

குரு அவரை வற்புறுத்தவில்லை. தானும் மர நிழலில் உட்கார்ந்தார்.

கூத்துக்காரர்களின் கூடாரத்துக்கு முன்னால் பாய் விரித்து ஊர்ப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். துக்கோஜி வெளியே நின்று கயிறுகளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். காற்று ஒரு பக்கம் இழுத்தது, அவர் மறுபக்கம் இழுத்தார். பூரணம் உள்ளே பிள்ளைக்குப் புதுச்சட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது ஒரு பெருங்காற்று அடித்தது. மண்ணை வாரிக்கொண்டு வந்து கூடாரத்துக்குள் புகுந்தது. படுதா பானைபோல் உப்பியது. நடுமூங்கில் பிடுங்கிக்கொண்டு சாய, கூடாரம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. பெண்கள் கத்தினார்கள். உள்ளேயிருந்து ஒரு குழந்தை வீறிட்டது. அதற்கு மேல் பூரணத்தின் குரல்.

"ஐயோ, பிள்ளை!"

குரு திரும்பிப் பார்த்தபோது மரத்தடியில் சீடர் இல்லை. நூல் மண்ணில் கிடந்தது. பட்டுத் துணியின் முடிச்சு அவிழ்ந்து, பக்கங்கள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன.

ஒரு வாரத்துக்கு முன்புவரை நொண்டிக்கொண்டிருந்த மனிதர் பொட்டலின் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தார். வழியில் இருந்த தண்ணீர்ப் பானை உருண்டது. கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த துக்கோஜியை ஒரு கையால் விலக்கிவிட்டு, படுதாவைத் தூக்கி, குனிந்து உள்ளே நுழைந்தார். வெளியே நின்றவர்களுக்குப் படுதாவுக்கு அடியில் ஒரு மலை நகர்வது மட்டும் தெரிந்தது.

உள்ளே இருட்டாக இருந்தது. கொடியில் தொங்கவிட்டிருந்த தோல்பாவைகள் மேலே சரசரவென்று விழுந்தன.

"யாரு?" என்றாள் பூரணம்.

"பயப்படாதே தாயி. அப்பா இருக்கேன்."

 குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது.

துக்கோஜியும் மற்றவர்களும் மூங்கிலைத் தூக்கி நிறுத்தினார்கள். படுதா மேலே எழும்பியது. உள்ளே ஆவுடையப்பர் முழங்காலில் நின்றுகொண்டிருந்தார். படுதாவின் பாரம் முழுவதும் அவர் முதுகில் இருந்திருக்கிறது. அவருக்கு அடியில் பூரணமும் பிள்ளையும் ஒரு கீறல் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய குடுமியில் ஒரு கோமாளிப் பாவை சிக்கிக்கொண்டு, தொப்பை வயிற்றை ஆட்டி ஆட்டிக் கூத்தாடியது.

பிள்ளை அந்தக் கோமாளியைப் பார்த்தது. பிறகு அதற்குக் கீழே இருந்த கடுமையான முகத்தைப் பார்த்தது. மறுபடியும் கோமாளியைப் பார்த்தது. கெக்கெக்கென்று சிரித்தது.

பூரணத்துக்கும் அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள். வெளியே நின்ற ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். ஆவுடையப்பரின் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்று நினைத்து துக்கோஜி பதறிப்போய் அருகில் வந்தார். அவர் அழவில்லை. பழக்கம் இல்லாததால் சத்தம் கொஞ்சம் கரகரவென்று வந்தது. ஆனால் அது சிரிப்புத்தான்.

"மன்னிச்சுருங்க மாமா" என்றார் துக்கோஜி. "நான் உங்க கால்ல விழுந்து கும்பிடணும்னு இருந்தேன். கூடாரம் முந்திக்கிட்டுது."

அந்தச் சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று.

அடங்கியதும் ஆவுடையப்பருக்குத் திடீரென்று நினைவு வந்தது. தன் கால்களைப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். முகம் வெளுத்தது.

"பூரணம், நான் உள்ள வந்துட்டேன்."

"ஆமாப்பா."

"சத்தியம் பண்ணியிருந்தேனே."

அவர் எழுந்து, வந்த வழியே வெளியே போனார். குனிந்து தேடினார். கூடாரத்தைச் சுற்றி மணல்தான் இருந்தது. கயிறு கட்டிய முளைகள் இருந்தன. மறுபக்கமும் போய்ப் பார்த்தார்.

"என்னப்பா தேடுதீங்க?"

"வாசப்படி எங்க?"

பூரணம் அவரைப் பார்த்தாள்.

"வாசப்படியா? நாங்க ஊர் ஊராப் போறவங்க. வாசப்படியையும் சுமந்துக்கிட்டா அலைவோம்?"

"ஊர்ல உங்களுக்கு ஒரு வீடு..."

"கூடாரந்தான்ப்பா வீடு. அன்னைக்கும் இதுதான். இன்னைக்கும் இதுதான்."

ஆவுடையப்பர் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். காற்று ஓய்ந்திருந்தது.

"உங்க அம்மைக்கு இது தெரியாது" என்றார்.

"தெரியாதுப்பா" என்றாள் பூரணம். அருகில் வந்து உட்கார்ந்து, குடுமியில் சிக்கியிருந்த பாவையை முடி முடியாகப் பிரித்து எடுத்தாள். அவர் தலையைக் குனிந்து கொடுத்தார்.

நூலை எடுத்து மண்ணைத் தட்டிக்கொண்டே குரு வந்து சேர்ந்தார். ஆவுடையப்பர் நிமிர்ந்தார். பழைய நியாயாதிபதி அவருக்குள் லேசாகத் தலையைத் தூக்கினார்.

"அம்மா, சத்தியம் தப்பலை! வாசப்படியே கிடையாது. மிதிச்சாத்தானே தப்பும்?"

"படி இருக்கா இல்லையான்னு எப்போ பாத்தீங்க? உள்ள போறதுக்கு முந்தியா, போன பிறகா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "போன பிறகு."

"படி இருந்திருந்தா?"

"தாண்டியிருப்பேன்" என்றார். சொல்லிவிட்டு அவரே அதைக் கேட்டு வியந்தார். "ஆனா அம்மா, 'சொன்ன சொல்லில் நில்'னு இருக்கே."

"உள்ள இருட்டுக்குள்ள என்ன சொன்னீங்க?"

"பயப்படாதே, அப்பா இருக்கேன்னேன்."

"அதை இன்னைக்குத்தான் முதல்ல சொன்னீங்களா?"

ஆவுடையப்பர் யோசித்தார். பூரணம் அவருக்கு முன்பே தலையை ஆட்டினாள். "சின்னதில இடி இடிச்சா நான் கட்டிலுக்கு அடியில போயிருவேன் அம்மா. அப்பாவும் குனிஞ்சு உள்ள வருவாக. அப்போ இதைத்தான் சொல்லுவாக."

"நீங்க வழக்கு விசாரிச்சவர்" என்றார் குரு. "சொல்லுங்க. ரெண்டு சொல் இருக்கு. எது முந்தினது?"

கச்சேரியில் எத்தனையோ தீர்ப்புச் சொன்னவர் ஒரு சின்னத் தீர்ப்பைச் சொல்ல வெகு நேரம் எடுத்துக்கொண்டார்.

"அதுதான் முந்தினது."

"அப்போ நூல் சொன்னபடிதான் நின்னிருக்கீங்க" என்றார் குரு. "வாங்க, பிள்ளைக்குப் பசிக்கும்."

கூடாரம் மறுபடியும் நேராக நின்றது. பாய்களை உதறி விரித்தார்கள். பிள்ளையை ஆவுடையப்பரின் மடியில் உட்கார்த்தினார்கள்.

"என்ன பேரு யோசிச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

துக்கோஜி பூரணத்தைப் பார்த்தார். "பிறந்த அன்னைக்கே முடிவு பண்ணிட்டோம் மாமா. அத்தை பேருதான்."

ஆவுடையப்பர் பிள்ளையின் காதருகே குனிந்தார். உலகம்மை என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். முதல் தடவை குரல் எழும்பவில்லை. இரண்டாவது தடவை பிள்ளைக்குக் கூசியது, கழுத்தைச் சுருக்கிக்கொண்டது. மூன்றாவது தடவை எல்லாருக்கும் கேட்டது.

குழைந்த பருப்புச் சோற்றில் நெய் விட்டுக் கொண்டுவந்தார்கள். அவர் ஒரு பருக்கையை விரல் நுனியில் எடுத்து ஊட்டினார். பிள்ளை அந்த விரலை விடவில்லை. பிறகு கிண்ணத்துக்குள் தானே கையை விட்டு, தன் முகத்துக்குப் பாதியும் தாத்தாவின் மார்புக்குப் பாதியுமாகப் பங்கு வைத்தது.

குரு நூலை நீட்டினார். "வாசிங்க."

"கை கழுவிட்டு வந்துருதேன்."

"பிள்ளையை யாரு பிடிக்கது? இப்படியே வாசிங்க."

அவர் தயங்கினார். மேல்துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு நூலை வாங்கினார். ஓரங்களில் இன்னும் மண் ஒட்டியிருந்தது. கை போன இடத்தில் திறந்து வாசிக்கத் தொடங்கினார்.

யாரும் எழுந்து நிற்கவில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் போட்டுக்கொண்டே கேட்டார்கள். துக்கோஜி தொடையில் தாளம் தட்டினார். ஒரு வரி முடிந்ததும் யாரோ ஒரு பெண், "அட, ஆமா!" என்று சொல்லிச் சிரித்தாள். அந்த இடத்தில் சிரிக்க என்ன இருக்கிறது என்று ஆவுடையப்பர் மறுபடியும் அந்த வரியைப் பார்த்தார். மனப்பாடமான வரிதான். இப்போது பார்த்தால், சிரிப்பாகத்தான் இருந்தது. அதைச் சொன்னவர் குளித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

அடுத்த வரியில் ஆனந்தம் என்ற சொல் வந்தது. பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேதி சொல்கிறவர்போல் அதைச் சொன்னார்.

பிள்ளைக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை. நெய்யும் சோறுமாக இருந்த கையால் பக்கத்தைப் பிடித்து இழுத்தது. ஆவுடையப்பர் ஒவ்வொரு விரலாக மெதுவாகப் பிரித்தார். பிரித்த விரல் அடுத்த பக்கத்தைப் பிடித்தது. அதை விடுவிப்பதற்குள் மறுகையும் வந்து சேர்ந்துகொண்டது. பக்கங்கள் முன்னும் பின்னும் புரண்டன. செம்பட்டுத் துணியில் பருப்பு. ஆவுடையப்பர் இரண்டு கையையும் எடுத்துவிட்டார். தலையை அண்ணாந்து சிரித்தார். இந்தத் தடவை குரல் கரகரக்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நூலைப் புரட்டிப் பார்த்தார். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

"எங்க விட்டேன் அம்மா?"

குரு பிள்ளையின் கன்னத்தில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையைத் தொட்டு எடுத்தார்.

"எங்க விட்டா என்ன பெரியவரே? விட்டாச்சுல்லா."